பிடி என்றால் விடு

ஈஜிபுராவில் எங்கள் சந்துவாசிகள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: துரை மாமாவின் மோட்டார் சைக்கிள் ஹாரன் செவ்வாய்க்கிழமை காலை, பால் வண்டிக்கு எதிரில், நான் அழுத்தியபோது 'ப்பீ' என்று ஒரே மூச்சில் உயிரை விட்டது. செய்தியைச் சொல்ல மாடிப்படியில் பாதி ஏறிய பிறகுதான் நினைவு வந்தது, மாமா போய் மூன்று வாரம் ஆகிறது என்று. மாமா போன செய்தி எனக்கு வந்தது கல்லூரி கேன்டீனில். "காபி டம்ளரைக் கையில வாங்கினான், குடிக்கல" என்று ஆம்பூரிலிருந்து அம்மா போனில் சொன்னாள். அவளுடைய ஒரே தம்பி.

உங்களுக்கெல்லாம் தெரியும், மாமா கேட்கமாட்டார். காதும் கேட்காது, சொன்ன பேச்சும் கேட்காது. முதலாவது, பிரஸ் ஷாப் இரைச்சலில் இருபது வருடம் தகடு அடித்ததால் வந்தது. இரண்டாவது பிறவிக்குணம் என்பார் மல்லிகா அத்தை. காது போனதும் வண்டியை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டார் மாமா. "இன்ஜின் சத்தம் கேக்காம எப்படிடா கியர் மாத்தறது?" ஆறு வருடம் அது அங்கேயே நின்றது. அதன் சீட்டில் ஒரு பூனை மூன்று முறை பிரசவித்தது. அந்த இடத்தில் வாஷிங் மெஷின் வைக்க அத்தை காத்திருந்தார்.

நான் அவர்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்த மூன்றாவது மாதம், கடைசித் தீர்ப்புக்காக மெக்கானிக் சீனப்பா அழைக்கப்பட்டார். வண்டி எழுந்தால் மாமா மறுபடி ரோட்டுக்கு வருவார். எழாவிட்டால், வண்டி பழைய இரும்புக் கடைக்கு, மாமா நிரந்தரமாக டிவி முன்னால். மாமா படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

சீனப்பா கன்னடக்காரர். டேங்கைத் தட்டினார், துரு கொட்டியது. கார்புரேட்டரைத் திறந்தார், உள்ளே ஒரு பல்லியின் எலும்புக்கூடு. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சும்னே பிடி சார்" என்றார்.

கன்னடத்தில் சும்னே என்றால் சும்மா. பிடி என்றால் விடு. தமிழில் பிடி என்றால் பிடி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, உதட்டைப் பார்த்தாலும் ஒன்று. காதுக்கு மட்டும்தான் கன்னடத்து 'ப' கொஞ்சம் கனம். மாமாவுக்கு அந்தக் காது இல்லை.

"என்னடா சொல்றான்?"

"பிடின்னு சொல்றாரு மாமா. விடாம பிடிக்கணுமாம்."

மாமா என்னைப் பார்த்தார், சீனப்பாவைப் பார்த்தார், இன்றைக்கே வேலையை ஆரம்பி என்று கன்னடத்தில் சொன்னார். சீனப்பா துடைத்த கையை மறுபடி அழுக்காக்கிக்கொண்டார்.

என் தந்திரமான மொழிபெயர்ப்பால்தான் வண்டி பிழைத்தது. இதைக் கல்லூரியில் நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். அத்தை மட்டும், "கேக்காத மனுஷனுக்கு இவன் ஒரு துபாஷி" என்றார்.

மாமா முதலில் மாற்றச் சொன்னது ஹாரனை. "உங்களுக்கே கேக்காது, அது எதுக்கு?" என்றார் அத்தை. "எனக்குக் கேக்கலன்னா ஊருக்குக் கேக்க வேணாமா?"

முழங்காலை டேங்கில் ஒட்டி, அதன் நடுக்கத்தை வைத்து கியர் மாற்றப் பழகினார். பின்சீட்டில் நான். இடப்பக்கம் யாராவது ஹாரன் அடித்தால் இடது தோளைத் தட்ட வேண்டும், வலப்பக்கம் என்றால் வலது. இரண்டையும் தட்டினால் உடனே நிறுத்துவார். ஒரு நாள் பஜ்ஜிக் கடை முன்னால் இரண்டையும் தட்டினேன். ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பதறித் திரும்பினார்.

"என்னடா, ஆம்புலன்ஸா?"

"மிளகாய் பஜ்ஜி மாமா. இப்பதான் எண்ணெயில போடறாங்க."

"அப்ப அவசரம்தான்" என்று இறங்கினார்.

அத்தையை முதல்முறை அத்திபெலேவுக்கு ஏற்றிப்போன நாளைச் சந்தே நின்று பார்த்தது. பயத்தில் அத்தை இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். வண்டி பத்தடிக்கு ஒரு முறை நின்றது. "கையை எடுடி." "எடுத்தா விழுந்துடுவேன்." தெருமுனை திரும்ப கால் மணி நேரம் ஆனது. மாமா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தந்திரமும் இல்லை, மொழிபெயர்ப்பும் இல்லை. அந்தக் கன்னடச் சொல் எனக்கு அன்றைக்குத் தெரியவே தெரியாது. சீனப்பா பிடி என்றார், எனக்கும் பிடி என்றே கேட்டது. ஒரு மாதம் கழித்து பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து "பாகிலு பிடி, பாகிலு பிடி" என்று கத்தினார். நான் கதவுக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பஸ்ஸே சிரித்தது. வாசலை விட்டு நகரச் சொல்கிறார் என்று பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி விளக்கினார். வீட்டுக்கு ஓடி, மாமா முன்னால் நின்று, சீனப்பா அன்றைக்கு விடத்தான் சொன்னார் என்று உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னேன்.

"சீனப்பா மூஞ்சியப் பாத்தாலே தெரியலயா? இருபது வருஷம் கன்னடக்காரங்களோட வேலை செஞ்சவன்டா நான். யாராவது ஒருத்தன் பிடின்னு சொல்லட்டும்னு இருந்தேன், நீ சொன்ன. வேணும்னே சொன்னதாவே இருக்கட்டும், உனக்கும் கெத்து" என்றார்.

அவர் கொடுத்ததாக என்னிடம் இருப்பது அந்தக் கெத்து ஒன்றுதான். அது என் சொந்தச் சரக்கு இல்லை என்று இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. தயவுசெய்து கல்லூரிப் பக்கம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.