கையில் ஒன்று

புதன்கிழமை மாலை தங்கவேல் சாரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மறுநாள் எந்த பஸ் என்று கேட்கத்தான் வழக்கமாகக் கூப்பிடுவார். பேசியது அவர் மகள். "சார், அப்பா போயிட்டாக" என்றாள். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய கடைசி மாதங்கள் தெரியாது. அதற்காக எழுதுகிறேன்.

எங்கள் இருவருக்கும் சிறுநீரகம் பழுது. திங்களும் வியாழனும் தேனியில் டயாலிசிஸ், அடுத்தடுத்த கட்டிலில் நான்கு மணி நேரம். எழுந்து வரும்போது பேசக்கூடத் தெம்பு இருக்காது. நான் உயர்நிலைப் பள்ளியில் கணினிப் பாடமும் எடுத்தவன். அவர் தொடக்கப்பள்ளிக் கணக்கு வாத்தியார். சும்மா படுத்திருக்க முடியவில்லை என்று செல்போனில் புரோகிராம் எழுதப் பழகினார்.

எளிய கணக்கு ஒன்று கொடுத்தேன். வரிசையாகப் பெட்டிகள், பெட்டிக்கு ஓர் இலக்கம், எல்லாம் சேர்ந்து ஓர் எண். அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். 1, 2, 9 என்றால் 1, 3, 0 வர வேண்டும். அவருக்கு 1, 2, 10 வந்தது. தாளில் கூட்டும்போது 'கையில் ஒன்று' என்று விரலை மடக்கியே பழகியவர், அதைப் புரோகிராமில் எழுத மறந்துவிட்டார். "நம்ம பிள்ளைகளே தேவல சார். இதுக்குக் கையே இல்லையே" என்றார். அடுத்த வாரம் அந்த ஒன்றை வைக்க ஓர் இடம் ஒதுக்கி, அதற்குக் 'கை' என்றே பெயரிட்டார். விடை சரியாக வந்தது. ஊசி குத்த வந்த நர்சம்மாவை நிறுத்தி வைத்துக் காட்டினார்.

கடைசித் திங்களன்று, திரும்பும் பஸ்ஸில் 9, 9, 9 போட்டார். 0, 0, 0 வந்தது. கையில் ஒன்று மிச்சம், வைக்கப் பெட்டி இல்லை. நான் வாயெடுத்தேன்.

"சொல்லிப்புடாதீக. முப்பது வருசமா பிள்ளைகளுக்கு விடையச் சொல்லிச் சொல்லியே விட்டேன். இது ஒண்ணயாவது நானாப் போடணும்."

ஊசி குத்திய இடத்தில் கட்டுப் போட்ட கையை அவர் மடக்கக் கூடாது. போனை மடியில் வைத்துவிட்டு, மறுகையால் என் சுண்டுவிரலை மடக்கிவிட்டார். "வச்சுக்கங்க. வியாழக்கெழம வாங்கிக்கிறேன்."

துக்கத்துக்கு அவர் ஊரான சுருளிப்பட்டிக்குப் போனபோது அவர் மகள் கேட்டாள்: "கடைசி வரைக்கும் போனத்தான் பாத்துக்கிட்டிருந்தாக. அதுல என்னத்த சார் தேடுனாக?" அந்த மூன்று ஒன்பதுக்கு முன்னால் ஒரு பெட்டி சேர்த்தால் போதும், 1, 0, 0, 0 வந்துவிடும். அன்றைக்குப் பஸ்ஸிலேயே சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் மனம் அலைகிறது.

வியாழனன்று அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். பஸ்ஸில் தனியாக வந்தேன். நான் இறங்கும் கம்பம் வரும்வரை சுண்டுவிரலை நிமிர்த்தவில்லை. அவர் கொடுத்த ஒன்று என்னிடம் இருக்கிறது.