மத்தியானத்து இங்கிலீஷ்

என் மண்டையில் வேறு பாஷை ஏறாது என்று சொன்னவர் நீங்கள்தான், வாத்தியாரே. அது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னீர்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த பெரிய மனிதர் என்று வரும் ஞாயிற்றுக்கிழமை மலாக்காவில் உங்களுக்குச் சால்வை போடப்போகிறார்களாம். போடட்டும். அதற்கு முன் என் கதையையும் கேட்டுவிடுங்கள்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். பெம்பான் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. இருட்டினால் கேட்டைப் பூட்டுவார்கள். விடிகிற நேரத்தில் பிரட்டுக் களத்தில் ஆள் கணக்குக்குப் பேர் கூப்பிட்டு, ஆளைத் தடவிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். ஒரு வாய்ச் சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. அதனால் ரப்பர் பாலுக்கு மரம் சீவி வெட்டுகிறவர்கள் வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள்; மத்தியானம் திரும்பி வந்துதான் சோற்றைக் கண்ணால் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். கோழிக்கு முன்னால் எழுந்து அம்மாவோடு போவேன். பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, தமிழ்ப் பள்ளிக்கூடத்து மணிக்கு ஓடி வருவேன். மத்தியானம் அதே பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் டவுனிலிருந்து வந்து இங்கிலீஷ் வகுப்பு எடுப்பீர்கள்.

கேட்டில் மலாய் மாத்தாக்கள் துப்பாக்கியோடு நிற்பார்கள். போலீஸ்காரரை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். பெண்களைச் சோதிக்க ஒரு மலாய்க்காரப் பெண் இருப்பாள். அந்த வரிசையில் நின்றேதான் நான் மலாய் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. குளிர்ந்த காற்று, காலி வயிறு, கழுவி வைத்த சட்டி மாதிரி தலை. ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நேற்றுக் கேட்டதை இன்று சொல்லிப் பார்ப்பேன். மாத்தாக்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.

நீங்கள் பரீட்சை வைத்த அன்று காலை நடந்தது உங்களுக்குத் தெரியாது. அத்தை நிறைமாத வயிற்றோடு வரிசையில் நின்றாள். சோதிக்க வந்தவள் புதியவள். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "பெராஸ்?" என்றாள். அரிசியா என்று கேட்கிறாள். வயிற்றில் அரிசியைக் கட்டிக்கொண்டு போய்ப் பிடிபட்டவர்கள் உண்டு. அத்தைக்கு மலாய் தெரியாது. பெரிய இடத்தில் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவது எங்கள் லயத்துப் பழக்கம். ஆட்டிவிட்டாள். மாத்தா ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஐயோ அத்தே, தலைய ஆட்டாத!" என்று கத்திக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். "புக்கான் பெராஸ், காக்! அனாக்! அனாக்!" அரிசி இல்லை அக்கா, பிள்ளை.

அந்தப் பெண் மறுபடியும் வயிற்றில் கை வைத்தாள். உள்ளே இருந்தது உதைத்திருக்க வேண்டும். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். மாத்தாவும் பிடியை விட்டான்.

"இந்த வாயாடி இல்லாட்டி எம்புள்ள ஸ்டேசன்லதான் பொறந்திருக்கும் லா," என்றாள் அத்தை.

"மத்தியானம் வாத்தியார்கிட்டயும் இதே மாதிரி வெளுத்து வாங்குடி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, வரிசையே சிரித்தது.

அந்த மத்தியானம்தான் பரீட்சை. எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தீர்கள். அது கிடைத்தால் பால் வாளி தூக்க வேண்டாம். அம்மா அன்று தன் பங்குச் சோற்றையும் என் தட்டில் போட்டாள். கூப்பனுக்கு அளந்து கொடுத்த அரிசிக் காலம் அது. "நல்லாத் தின்னு. வெறும் வயித்துல இங்கிலீஷ் எப்படி ஏறும்?" என்றாள். அவள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகரக் கூரைக்குக் கீழே, உச்சி வெயில் இறங்காத நேரத்தில் வகுப்பு. இருட்டில் எழுந்த உடம்பு, வயிறு முட்டச் சோறு. புத்தகத்தில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. என் பெயரை இங்கிலீஷில் கேட்டீர்கள். பதில் தெரியும். ஆனால் நாக்கு தடித்துக் கிடந்தது. பிறகு கேட்டது எதுவும் எனக்கு நினைவில்லை. நீங்கள் பிரம்பால் மேசையைத் தட்டியதும், நான் எச்சில் ஒழுக நிமிர்ந்ததும்தான் நினைவிருக்கிறது.

அப்பாவை வரச் சொல்லி அவரிடம் சொன்னீர்கள்: "இதுக்கு வேற பாஷ மண்டையில ஏறாதுப்பா. கத்தியக் குடுத்து மரம் வெட்ட அனுப்பு."

"சரிங்க சார்," என்றார் அப்பா. அவரும் தலையாட்டினார்.

"எஞ்சோத்தையும் தின்னுப்புட்டுத் தூங்கியிருக்கா பாவி," என்று அம்மா அழுதாள். நீங்கள் சொன்னதையும் நம்பினேன், அம்மா சொன்னதையும் நம்பினேன். சீக்கிரமே கத்தியும் கைக்கு வந்தது.

இன்று மலாக்கா பசாரில் காய்கறி விற்கிறேன். லாரி இறங்கும் விடியற்காலையில் மலாயும் சீனர்களின் ஹொக்கியனும் பேசுகிறேன். இங்கிலீஷும் அதே நேரத்தில், அதே இடத்தில் வந்ததுதான். வெயில் ஏறிய பிறகு எனக்குத் தமிழே தடுமாறும்.

காலையில் உங்களுக்கு டவுனில் வேலை, ஒழிந்தது மத்தியானம்தான் என்பீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பரீட்சை முடிந்த சில நாளில் கீரைக்கட்டு கொடுக்கக் கிராணி வீட்டுப் பின்வாசலுக்குப் போயிருந்தேன். கணக்கு எழுதுகிற கிராணியின் பிள்ளைகளுக்கும் நீங்கள்தான் வாத்தியார். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பு முடிந்ததும் இங்கே வரலாமே என்று கிராணியம்மா கேட்டார்.

"அது வேணாம்மா," என்றீர்கள். "சாப்பிட்ட மயக்கத்துல புள்ளைங்களுக்கு எந்தப் பாஷையும் ஏறாது. ஞாயித்துக்கிழம காலையில வந்துடறேன், நல்லா நிக்கும்."

கீரைக்கட்டோடு நின்று கேட்டேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை. கிராணி வீட்டுப் பிள்ளைகளுக்கு மெல்லிய உடம்பு போலிருக்கிறது, சோறு தின்றால் மயக்கம் வருமாம், பாவம் என்று இரக்கப்பட்டுக்கொண்டே லயத்துக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் லயத்துக்கும் விடுமுறைதான், வாத்தியாரே. நாங்களும் தூங்கி எழுந்துதான் இருந்தோம். கிராணி வீட்டுக்கு வருகிற வழியில்தான் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது.

சால்வை போடும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். உங்கள் கையில் மைக் கொடுப்பார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு வந்தால் சாப்பிட்ட மயக்கம், எனக்கு வந்தால் மட்டும் ஏறாத மண்டையா? அந்த மைக்கிலேயே, எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.