பென்சன்காரனுக்குக் கட்டிய சாக்கு

1. சங்கிலியில் வந்தவன்

அந்த லோரி எங்கள் எஸ்டேட்டுக்குத் தன் காலில் வரவில்லை. மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து இன்னொரு லோரியின் பின்னால் சங்கிலி போட்டு, அத்தனை வளைவும் இழுத்து வந்தார்கள். ரிங்லெட்டில் ஒரு தடவை சங்கிலியும் அறுந்தது. பட்டறை வாசலில் கொண்டுவந்து விடும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் பிட்டர், அதாவது பட்டறை மெக்கானிக். கவர்மெண்டு ரோட்டு வேலைக்கு ஓடி ஓய்ந்த பெட்ரோல் லோரி அது. லேலாங்கில், அதாவது ஏலத்தில், எடுத்தது. எடுக்கச் சொன்னதே நான்தான். கதவில் பழைய கவர்மெண்டு நம்பர் இன்னும் தெரிந்தது. சீட்டுக்குள் ஓர் எலிக் குடும்பம் குடியிருந்தது.

கொழுந்து பறிக்கிற பாக்கியம் அக்கா அந்தப் பக்கம் வந்தவர், நின்று சுற்றிப் பார்த்தார்.

"என்னா பிட்டரு, பென்சன் வாங்கினவனத் திரும்ப வேலைக்குக் கூட்டியாந்துட்டியா?"

"ஓட வெச்சுக் காட்டுறேன்க்கா."

"ஓடவெல்லாம் வேணாம்லா. மேல்டிவிஷனுக்கு ஏறி எறங்குனா போதும். எங்க கழுத்தெலும்பு தேஞ்சு போச்சு."

அன்றிலிருந்து லோரிக்குப் பெயர் பென்சன்காரன்.

அக்கா சொன்னது விளையாட்டில்லை. எஸ்டேட்டின் உச்சிப் பகுதியான மேல்டிவிஷனுக்குப் போகும் ரோட்டில் ஒரு முடக்கு, கொண்டை ஊசி வளைவு, உண்டு. எங்கள் பெரிய லோரி அதில் திரும்பாது. அதனால் எடை போட்ட கொழுந்தைச் சாக்கில் கட்டி, தலையில் சும்மாடு வைத்து, ஒன்றரை மைல் கீழே பொம்பளைகள்தான் சுமந்து வருவார்கள். அந்த மழைக்காலத்தில் ஒருத்தி சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நான் துரையிடம் போய், நீளம் குறைந்த லோரி ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்று சொன்னேன். துரை வெள்ளைக்காரர் இல்லை, நம்ம ஆள்தான். ஆனாலும் மேனேஜர் என்றால் எங்களுக்குத் துரை.

"நீ சொன்னேன்னு வாங்குறேன்," என்றார். "ரெடியானதும் ஒரு வாரம் மேல்டிவிஷன்ல ஓட்டிப் பாரு. சனிக்கிழமைக்குள்ள ஒழுங்கா கொழுந்து எறக்கலைன்னா இரும்புக்குப் போட்டுருவேன். அப்புறம் லோரிப் பேச்சே என்கிட்ட எடுக்கக் கூடாது."

2. கழற்றுகிற கை

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, நாலாம் நாள் கிராங்க் கம்பி போட்டு நானும் டிரைவர் சாமிக்கண்ணுவும் தொங்கியபோதுதான் அசைந்தது. ஹெட்டைக் கழற்றி வால்வு தேய்த்தேன். பிரேக் ரப்பர் அத்தனையும் மாற்றினேன். எலி தின்ற வயரைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தேன். ஒடிந்த ஸ்பிரிங் பட்டைக்கு, பட்டறைக்குப் பின்னால் கிடந்த செத்த லோரி ஒன்று பட்டை கொடுத்தது. பலகைத் தட்டு எஸ்டேட் ஆசாரி போட்டது.

ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே தெர்மோஸ்டாட் இருந்தது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் மூடி வைக்கிற சின்னக் கதவு அது. நான் தொழில் பழகியது வெயில் கொளுத்தும் தாப்பாவில், ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில். அங்கே எந்த லோரி வந்தாலும் முதல் வேலையாக அதைக் கழற்றி வீசுவோம். "இருக்கிற சூட்டுக்கு இது வேற எதுக்கு?" என்பார் தவுக்கே. நானும் யோசிக்கவே இல்லை. கழற்றினேன், பழைய இரும்பு டிரம்மில் போட்டேன். டொக்கென்று விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பென்சன்காரன் இருமி, புகை கக்கி, ஓட ஆரம்பித்தான். சாமிக்கண்ணு கியா பார்ம் மேடு வரை ஏற்றிப் பார்த்துவிட்டு வந்து, "குதிரைடா!" என்றார்.

3. பட்டறையில் புலி

திங்கட்கிழமை காலை மேல்டிவிஷனில் பனி தரையோடு படுத்துக் கிடந்தது. நிறுவைக் கொட்டகையில் சாக்கு ஏற்றும்வரை எஞ்சின் ஐடிலில் நின்றது. கிளம்பும்போது கார்பரேட்டர் தும்மியது. இருபது கஜம் போய் நின்றுவிட்டது. பொம்பளைகள் சாக்கை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். மத்தியானம் வெயில் வந்ததும் ஒரு தட்டில் ஸ்டார்ட் ஆகிறது, பட்டறை வரை சும்மா பறக்கிறது!

அன்று பிளக் மாற்றினேன். செவ்வாய்க்கிழமையும் படுத்தது. பாயிண்ட் மாற்றினேன். புதனும் படுத்தது. கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். வியாழனும் அதே கதை.

"பிட்டரே, இது பட்டறையில புலி, மலையில பூனை," என்றார் சாமிக்கண்ணு. மீட்டரைப் பார்க்கலாமென்றால், தண்ணிச் சூடு காட்டும் முள் செத்துக் கிடந்தது. அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

4. பாக்கியம் அக்காவின் கை

வெள்ளிக்கிழமை நானும் கூடவே ஏறினேன். எங்கள் மலையில் ஒரு பழக்கம். காலையில் எந்த லோரி வந்து நின்றாலும் பொம்பளைகள் ஓடிவந்து எஞ்சின் பானட்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு காய்வார்கள். விரல் மரத்துப்போனால் கொழுந்து பறிக்க முடியாது. பாக்கியம் அக்காவும் வந்து இரண்டு கையையும் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஐயே, என்னா பிட்டரு இது! பொணம் மாதிரி சில்லுன்னு கெடக்கு. இதுல எங்க கை காயுறது? இவனுக்கே காய்ச்சலு வந்துரும் போல."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா விடவில்லை. "மேல வந்தா நாங்களே இடுப்புல சாக்கு கட்டாம எறங்க மாட்டோம். கீழ்நாட்டுக்காரன அம்மணமா கூட்டியாந்து நிறுத்துனா நடுங்காம என்னா செய்வான்?"

நான் சிரிக்கவில்லை. பானட்டைத் திறந்து ரேடியேட்டரைத் தொட்டேன். ஆற்றுக் கல் மாதிரி இருந்தது. நான் கழற்றிப் போட்ட அந்தச் சின்னக் கதவு நினைவுக்கு வந்தது. தாப்பாவில் எஞ்சினைக் காப்பாற்றிய வேலை, இங்கே எஞ்சினைச் சூடாகவே விடவில்லை. குளிர்ந்த எஞ்சினும் ஈரப் பனியும் சேர்ந்து கார்பரேட்டரின் மூச்சை அடைத்துவிட்டன.

"அக்கா, உங்க சாக்கைக் கொஞ்சம் குடுங்க."

"அடப்பாவி, நெசமாவே கட்டப் போறியா?"

கட்டினேன். ரேடியேட்டர் கிரில்லில் முக்கால் பாகத்தை மூடி, கயிறு போட்டு இறுக்கினேன். கால்மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். அக்கா மறுபடி கையை வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை. "அடுப்பு பத்திக்கிச்சு," என்றார்.

பென்சன்காரன் அத்தனை சாக்கோடும் முடக்கில் ஒரே திருப்பில் திரும்பி இறங்கினான்.

5. சனிக்கிழமை

அன்று சாயங்காலமே டிரம்மைக் கவிழ்த்துத் தெர்மோஸ்டாட்டைத் தேடி எடுத்தேன். வெந்நீர்ச் சட்டியில் போட்டுப் பார்த்தேன். சரியாகத் திறந்தது. இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டினேன். சனிக்கிழமை துரை மேல்டிவிஷனுக்கே வந்துவிட்டார். சாக்கை அவிழ்க்க சாமிக்கண்ணுவுக்கு மனசு வரவில்லை. பாதியாக மடித்துக் கட்டி வைத்திருந்தார்.

"என்னய்யா, லோரிக்குப் பாவாடை கட்டி விட்டிருக்கே?"

நடந்ததைச் சொன்னேன். கழற்றியது நான்தான் என்பதையும் சொன்னேன். துரை பொம்பளைகள் பக்கம் கையைக் காட்டினார். "நாலு நாள் அவங்க சுமந்தது உன்னாலயா?"

"ஆமா, துரை."

"அப்ப மன்னிப்பு என்கிட்ட கேக்காதே."

கேட்டேன், எல்லார் முன்னாலும். பாக்கியம் அக்கா, "போவுது விடு, கழட்டுன கையே மாட்டிருச்சு," என்றார்.

ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். ஒரு சாமானை வேண்டாமென்று கழற்றும் முன்னால், அதை மாட்டியவன் எந்த ஊரை நினைத்து மாட்டினான் என்று கேட்க வேண்டும். நம்ம ஊரில் அது என்ன செய்யும் என்றும் கேட்க வேண்டும். பதில் சில நேரம் பட்டறையில் இருக்காது, யாராவது ஒருத்தர் உள்ளங்கையில் இருக்கும்.

இரும்புக்குப் போடுகிற பேச்சைத் துரை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மொத்தக் கொழுந்தோடும் லோரி கிளம்பும்போது பொம்பளைகள் பழக்கத்தில் சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மேலே வைக்கத்தான் ஒன்றுமில்லை. பாக்கியம் அக்கா தன் சும்மாட்டுத் துணியை உதறிப் பிரித்து, ஜன்னல் வழியாக டிரைவர் மடியில் போட்டார்.

"கண்ணாடி தொடைக்க வெச்சுக்க சாமிக்கண்ணு. எனக்கு இனிமே எதுக்கு?"