மாதங்கி போட்ட பிரேக்

தஞ்சாவூரில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் மாதங்கி, திருக்காட்டுப்பள்ளி சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போனாள். மடியிலிருந்து நழுவிய கைபேசியைப் பிடிக்கக் குனிந்தவள், பதற்றத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்துவிட்டாள். பின்னால் வந்த பழைய வெள்ளைக் கார் அவள் வண்டியில் முட்டி நின்றது.

அதை ஓட்டி வந்தவர் அடைக்கலராஜ். எண்பதை நெருங்கியவர். டீக்கடையிலிருந்து வந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க காரு?"

பெரியவர் மாதங்கியிடம் திரும்பினார். "மன்னிச்சுக்கம்மா. கால் சட்டுன்னு பிரேக்குக்குப் போகல" என்றார்.

"பரவாயில்லைங்க ஐயா" என்றாள் மாதங்கி. சொல்லி முடித்ததுமே அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில், மனம் கேட்காமல், விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். மகள் ஃபிளோரா கதவைத் திறந்து, மாதங்கி யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"கார் சாவிய அப்பாகிட்டேருந்து வாங்கி வச்சுட்டோம்ங்க. இனிமே பயமில்ல."

"தப்பு என்னோடதுங்க. ரோடு காலியாத்தான் இருந்துச்சு. நான்தான் ஃபோனை எடுக்கக் குனிஞ்சு, சும்மா பிரேக் போட்டுட்டேன்."

ஃபிளோராவின் கண் கலங்கியது. "அப்பா மனசு நோகக்கூடாதுன்னு இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்களே."

"இல்லைங்க, நெசமாத்தான் சொல்றேன்."

"விடும்மா" என்றார் உள்ளே நாற்காலியில் இருந்த அடைக்கலராஜ். "எனக்கு வயசாயிடுச்சு. உனக்கு நல்ல மனசு."

ஃபிளோரா காபி கொண்டுவந்தாள். மாதங்கி தலை நிமிராமல் அதைக் குடித்தாள்.