முருகன் ஏற்காத பானம்

முருகனை நம்பும் சகோதரிகளே, குறிப்பாக விளையாட்டில் இருப்பவர்களே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது என் கால்கள் என்னைக் கைவிட்டன. நான் நானூறு மீட்டர் ஓட்டக்காரி. வீடு சிங்கப்பூரில், செம்பவாங்கில். தேசிய அணித் தேர்வு நெருங்கியது. என் ஓட்ட நேரமோ கூடிக்கொண்டே போனது. பால்குட விரதம் என்பதால் ஒருவேளைச் சாப்பாடுதான். விரதத்தையும் விட மனமில்லை, ஓட்டத்தையும் விட மனமில்லை. அழுதேன்.

ஜிம்மில் ஒரு தோழி, பயிற்சிக்கு முன் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் சக்தித் தூள் கொடுத்தாள். டப்பாவில் சைவம் என்று போட்டிருந்தது. சைவம்தானே, விரதம் கெடாது என்று நினைத்தேன். வெறும் வயிற்றுக்கு ஆகுமா என்று யாரையும் கேட்கவில்லை. என் புத்தி அவ்வளவுதான்!

விரத நாளில் முருகனுக்குப் படைக்காமல் எதையும் உண்ண மாட்டேன். கலக்கிய பாட்டிலைப் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டேன். கண் திறந்தால் அது கவிழ்ந்து கிடந்தது. மின்விசிறி ஓடவில்லை. வீட்டில் வேறு யாருமில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மூடியை இறுக்கித் திருகினேன். கும்பிட்டுக் கண் திறந்தால் பாட்டில் கவிழ்ந்து, மூடி தனியே தரையில் கிடந்தது. மீண்டும் கலக்கக் கை வரவில்லை.

ஆனாலும் பிடிவாதம். நான்காம் நாள் மாலை, படைக்காமலே ஃபேரர் பார்க் திடலுக்கு எடுத்துப்போய் இரண்டு மடங்கு கலந்து குடித்தேன்.

மூன்றாவது சுற்றில் நின்றேன். நெஞ்சு நிற்கவில்லை. எனக்குள் வேறு யாரோ இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கண் இருட்டியது. திடலில் ஆளே இல்லை. முருகா, அணி வேண்டாம், உயிரை மட்டும் கொடு என்று வேண்டியபடியே விழுந்தேன்.

ஒரு பெண் ஓடிவந்து என் தலையைத் தாங்கினார். மருத்துவமனை வேலை முடிந்து வீடு திரும்பும் தாதி. நாடி பார்த்தார், ஆம்புலன்சை அழைத்தார்.

“வள்ளி, கண்ண மூடாதம்மா. மெதுவா மூச்சு விடு லா.”

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் மருத்துவர். மறுநாள் அந்தத் தாதி என்னைப் பார்க்க வந்தார். என் பெயர் லாவண்யா. வள்ளி என்று கூப்பிடுவது அம்மா மட்டும்தான்.

“அக்கா, அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ரோட்ல போறப்ப பின்னாடி யாரோ, ‘வள்ளி விழுந்துட்டா, போ’ன்னாங்க. திரும்பிப் பார்த்தேன். யாருமில்ல. திடல்ல நீ கிடக்குறதுதான் தெரிஞ்சுது.”

அணியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பூசத்தன்று எனக்காக அம்மா பால்குடம் எடுத்தார். நான் கூடவே மெதுவாக நடந்தேன். இப்போது மருத்துவரைக் கேட்காமல் எந்தத் தூளையும் தொடுவதில்லை. பயிற்சி நாளில் வயிறாரச் சாப்பிடுகிறேன்.

சகோதரிகளே, கேட்டது கிடைக்கவில்லை என்று அவனிடம் கோபிக்காதீர்கள். நம்புங்கள். நான் பதக்கம் கேட்டேன். அவன் என் பெயரைச் சொல்லி ஆள் அனுப்பினான்.