ஒடுக்கு எடுப்பவர்

விமானக் கம்பெனிப் பெண் பெட்டியை மறுபடியும் திருப்பினாள். குப்புறப் போட்டாயிற்று, நிமிர்த்தியாயிற்று, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்தாயிற்று.

"எங்கங்க அடி?"

"இந்த மூலைதாம்மா." டிங்கர் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்க ஒண்ணும் இல்லையே."

"இப்ப இல்ல. இருந்துச்சு."

"எங்க போச்சு?"

"நான் எடுத்துட்டேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருங்க உங்கள எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. போன் பேசிக்கிட்டிருந்தேன்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே உறைத்தது.

பெட்டி வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு மேசைமேல் இருந்தது. மூலை நசுங்கியிருக்கிறது என்று அதில் இருந்தது உண்மைதான். ஆனால் பெட்டியை நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் நஷ்டஈடு. அந்தப் பெண்ணும் பொல்லாதவள் இல்லை. "அன்னிக்கு ஒரு போட்டோவாவது எடுத்திருப்பீங்களே?" என்று ஒரு வழி திறந்து பார்த்தாள்.

"அடியப் போய் யாரும்மா போட்டோ எடுப்பா?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

கார் ஒர்க்‌ஷாப்பில் நசுங்கி வருகிற கதவும் பானெட்டும்தான் அவருடைய பிழைப்பு. பெயிண்ட் அடிக்கும் முன் தகட்டின் ஒடுக்குகளை எடுத்துச் சமமாக்குகிற வேலை அது. அவருக்கு டிங்கர் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. தகட்டை அவர் கண்ணால் பார்ப்பது குறைவு. உள்ளங்கையைப் படரவிட்டு, முகத்தை வேறெங்கோ திருப்பிக்கொண்டு, "இங்க தூங்குது" என்பார். பள்ளம் என்றால் தூங்குகிறது. மேடு என்றால் முழித்துக்கொண்டிருக்கிறது.

கை சும்மா இராது. பஸ்ஸில் முன் சீட்டின் முதுகுத் தகடு நெளிந்திருந்தால் இறங்குவதற்குள் அதை விரல் முட்டியால் தட்டித் தட்டி ஒருவழி பண்ணிவிடுவார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மச்சானைப் பார்க்கப் போனவர், கட்டிலுக்கு அடியில் நெளிந்து கிடந்த தட்டை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, மச்சானுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காமலே வீடு திரும்பியிருக்கிறார். "சிரிச்சா கன்னத்துல குழி விழுறவங்க அண்ணன் பக்கத்துல உக்காராதீங்க, எடுத்துருவாரு" என்பார் ஒர்க்‌ஷாப் பெயிண்டர்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கை கட்டுப்படும். இன்சூரன்ஸ் வண்டி. சர்வேயர் வந்து பார்க்கும்வரை அதன்மேல் அப்பியிருக்கிற சேற்றைத் துடைக்கக்கூட விடமாட்டார். வண்டிக்காரர் அவசரப்பட்டால், "கை வச்சா கேஸ் போச்சு சார். அடி அடியாவே இருக்கணும்" என்று உபதேசமே நடக்கும். சுற்றிலும் கயிறு கட்டிவிடுவார்.

சம்பந்தியம்மாவின் பெட்டிக்கும் கயிறு கட்டினார். அயல்நாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் அவரும் மனைவியுமாகக் கிளம்பியபோது இரவல் வாங்கிய அலுமினியப் பெட்டி. யாருக்கும் எதையும் கொடுத்துப் பழக்கமில்லாத மாமியாரிடம் மகள்தான் கேட்டு வாங்கி வந்தாள். "என்னை நம்பித்தான் குடுத்திருக்காங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்து இறங்கியபோது ஒரு மூலை உள்வாங்கியிருந்தது. கம்பெனியிடம் நஷ்டஈடு வாங்கி, அதே போலப் புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் மகளுக்குத் தலைகுனிவு இருக்காது. அதற்காகத்தான் அதை ஒர்க்‌ஷாப் மேசைமேல் வைத்துக் கயிறு சுற்றி, "யாரும் தொடக்கூடாது" என்று பெயிண்டரை மிரட்டியும் வைத்தார். மத்தியானம் அப்படியே கம்பெனி ஆபீசுக்கு எடுத்துப் போவதாக ஏற்பாடு.

காலையில் மகள் போன் பண்ணினாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"சத்தம் போட்டாக்கூடப் பரவாயில்லப்பா. அத்தை ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறாங்க. பெட்டி வந்துச்சான்னுகூடக் கேக்கல. சும்மா என் மூஞ்சியவே பாக்குறாங்க."

"கேக்கலன்னா நல்லதுதானே?"

"உங்களுக்கு அவங்களத் தெரியாதுப்பா."

அவள் அழுகிறாளா, ஜலதோஷமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ம் கொட்டிக்கொண்டே இருந்தார். நீளமான பேச்சு. அவள் போனை வைத்த பிறகுதான் எதிரே பெயிண்டர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"அண்ணே! என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

குனிந்து பார்த்தார். கயிறு தரையில் கிடந்தது. வலது கையில் மரச்சுத்தியல். இடது கை பெட்டிக்கு உள்ளே, துணி உறைக்கும் தகட்டுக்கும் நடுவில், முட்டுக்கொடுத்தபடி இருந்தது. மூலை நேராக நின்றது. மூலையில் தொடங்கிய கை அதோடு நிற்கவுமில்லை. மூடி, அடி, பக்கவாட்டு என்று தகடு முழுக்க ஒரு சுற்று வந்திருந்தது. தூங்குகிற இடம் ஒன்றுகூட இல்லை. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கயிற்றைத் தானே அவிழ்த்ததாகவே ஞாபகம் இல்லை. வேறு யாரோ தன் சட்டைக்குள் கையை நுழைத்து வேலை பார்த்துவிட்டுப் போனமாதிரி இருந்தது.

சீட்டு இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் ஆபீசுக்குப் போனார். தைரியம் மேசைவரைக்கும்தான் வந்தது. "சேதம் இல்லாத பெட்டிக்கு நான் என்னன்னு எழுதறதுங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். எத்தனை வண்டிக்காரர்களிடம் அவரே சொன்னது அது!

வீட்டில் மனைவி கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சுதாரித்தாள்.

"அந்த மூலையிலயே மறுபடி ஒண்ணு போடுங்க. நாளைக்குப் போய்க் காட்டுவோம்."

"பொய்யில்லையா அது?"

"என்ன பொய்? பட்டது பட்டதுதானே. இருந்தத இருந்த எடத்துல வைக்கப் போறோம். எடுக்கத் தெரியுது, வைக்கத் தெரியாதா?"

சுத்தியலை எடுத்தார். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. ஆயுசில் ஒரு தகட்டையும் அவர் உள்நோக்கி அடித்ததில்லை. எவ்வளவு பலம் வேண்டும் என்பதே தெரியவில்லை. மனைவி மாடிப்படியைக் காட்டினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேல்படிவரை ஏறினார்.

"தள்ளிவிடுங்க. ஒரு நிமிஷ வேலை."

கைப்பிடியை விடச் சொல்லி விரல்களுக்குச் சொன்னார். விரல்கள் கேட்கவில்லை. பெட்டி சுவரில் உரசிவிடாமல் ஒருக்களித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"கொழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றாரு பாரு," என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அவளுக்கே மனசு இளகிவிட்டது. "சரி, போகட்டும். ஒரு கீறல் இல்லாமத் திருப்பிக் குடுக்கறோம். புதுசு மாதிரி இருக்கு. சம்பந்தி என்ன, வேணாம்னா சொல்லிடுவாங்க?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தார்.

மறுநாள் பெட்டியோடு சம்பந்தி வீட்டுக்குப் போனார். மனைவி வரவில்லை. சம்பந்தியம்மா வாங்க என்றார், உட்காரச் சொன்னார். மகள் அடுப்படி வாசலில் நின்றாள். சம்பந்தியம்மா பெட்டியைப் பார்த்தார். எழுந்து போய் மூடியைத் தடவினார், பக்கவாட்டைத் தடவினார்.

"இது எங்க பெட்டி இல்லையே."

"அதேதான் அத்தை," என்றாள் மகள். "அப்பாதான் ஒடுக்கெல்லாம் எடுத்து..."

"எல்லாத்தையுமா?"

சம்பந்தியம்மாவின் புருஷன் கப்பலில் சமையல்காரராக இருந்து இறந்தவர். அவர் பெட்டி அது. சம்பந்தியம்மா மூடியின் நடுவில் விரலை வைத்தார்.

"இங்க ஒண்ணு இருந்துச்சு. கப்பல் படியில விழுந்தது." விரல் நகர்ந்தது. "இது எங்க கல்யாணத்துக்கு வந்து இறங்கினப்போ, வண்டி மேலேருந்து." இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. "இங்க..." அந்த இடத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பத் திரும்பத் தடவினார். குரல் உயரவில்லை. பிறகு பெட்டியை உள்ளே எடுத்துப் போகாமல், வந்தவர்களின் சாமான் மாதிரி வாசல் ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மகள் டீ கொண்டுவந்தாள். "அங்க வைம்மா," என்றார் டிங்கர். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஆடை படிந்தது. அவர் கைகளை வெளியே எடுக்கவில்லை.