கேஸில் வைத்த குழம்பு

தேவகியக்கா இறந்த செய்திக்கு நான் அனுப்பிய பதில், 'எனக்கு ஒரு சாப்பாடு.'

பட்டறைக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டீர்கள், மறைத்துப் பயனில்லை. அக்காவிடம் மதியச் சாப்பாடு சாப்பிடுகிற நமக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாகச் சத்தமே இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்று காலை ஏழரைக்கு அவர் எண்ணிலிருந்து செய்தி வந்ததும், சமையல் மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சேக்காட்டில் என் வீட்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கண்ணாடி போட்டிருக்கவில்லை. வழக்கமான பதிலைத் தட்டிவிட்டேன். எழுதியிருந்தது அவர் மகள் கலா. 'அம்மா விடியற்காலை தவறிட்டாங்க. பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறோம்.'

லேத் பாண்டியன்தான் போன் செய்தான். "இன்னா மாமே போட்டுகீற குரூப்புல? படிச்சியா இல்லியா? மொதல்ல அத்த அழி." எட்டாவது வரை படித்த எனக்கு அனுப்பத்தான் தெரியும், அழிக்கத் தெரியாது. என் மகளை எழுப்பிப் போனைக் கொடுத்தேன். அவள் மேலே இருந்ததைப் படித்தாள், கீழே இருந்ததையும் படித்தாள், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அழித்துக் கொடுத்தாள்.

"படத்தெறப்புக்கு நீயே எழுதிப் படி. நம்மள்ல நீதான் நல்லாப் பேசுவ," என்றான் பாண்டியன். நன்றாகப் பேசியதில் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

அக்காவின் வீடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. முன்னறையில் நாம் உட்கார்ந்து சாப்பிடுவோம். பின்னால் சமையலறை, நடுவில் நின்று கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். அதில் இரண்டு விறகடுப்பு. முப்பது பேருக்குச் சோறு, குழம்பு, ரசம், பொரியல். விடியற்காலை ஐந்துக்குப் பற்றவைத்தால் மதியம் ஒரு மணிக்குத்தான் அணையும். இருபத்திரண்டு வருஷம் இப்படி. யார் தட்டிலாவது சோறு குறைந்தால் கேட்கும் முன்பே வந்து விழும். "கேட்டு வாங்கித் தின்னா அது ஓட்டல். ஊட்ல கேக்கக் கூடாது" என்பார்.

அந்தச் சமையலறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. பக்கத்து மனையில் ஃப்ளாட் எழும்பியதும், மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் புகை நாறுகிறது என்று குடிவந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. "அவங்க சொல்றதும் சரிதானேப்பா. தொவச்ச துணி நாறுனா யாருக்குத்தான் கோவம் வராது" என்று ஜன்னலை அடைக்கச் சொன்னார். ப்ளைவுட் வைத்து ஆணி அடித்தது நான். கூலி வாங்காமல் செய்தேன் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதன் பிறகு புகார் வரவில்லை. வெளியே போனால்தானே அது புகை. உள்ளேயே இருந்தால் அதற்குப் பெயர் சமையல்.

விறகிலும் பாதி என் உபயம். எங்கள் பட்டறைக்கு மெஷின் வந்து இறங்கும் மரப்பெட்டிகளை உடைத்து வண்டியில் கட்டிக்கொண்டு போய்ப் போடுவேன். பெயின்ட் அடித்தது, எண்ணெயில் ஊறியது, எதையும் பார்க்க மாட்டேன். "இன்னா செல்வம், இந்தப் பலக எரிஞ்சா கண்ணுல மொளகாப் பொடி வீசுன மாரி கீது?" என்று ஒரு நாள் கேட்டார். "ஓசி வெறகுக்குக் கோவம் ஜாஸ்திக்கா" என்றேன். சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது.

அந்த இருமலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். யாரோ காசநோய் என்று காதோடு காதாகச் சொல்ல, ஒரு வாரம் பாதிப் பேர் சாப்பிட வரவில்லை. நானும்தான். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு டீக்கடையில் பன் தின்றேன். சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று எழுதிக் கொடுத்த சீட்டை அக்கா முன்னறைச் சுவரில் ஒட்டினார். "பாத்துக்கோங்கப்பா. ஒங்க யாருக்கும் ஒட்டாது." எல்லோரும் திரும்பி வந்தோம். நமக்கு ஒட்டாது என்று தெரிந்ததோடு நம் கவலை தீர்ந்தது. அப்படியென்றால் அது என்ன இருமல் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது கலா. வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். பீடி சிகரெட் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்க, "நான் ஊதுறதெல்லாம் அடுப்புதான் டாக்டரே" என்றிருக்கிறார் அக்கா. டாக்டர் சிரிக்கவில்லை. "அதுதாம்மா நோய். மூச்சுக்குழாய் சுருங்கிப் போயிருக்கு. போனது திரும்பாது, இருக்கறதக் காப்பாத்திக்கலாம். விறகடுப்ப இன்னையோட விட்டுடுங்க." இதெல்லாம் கலா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த மாதம் அந்த வீட்டுக்குப் பெரிய கேஸ் அடுப்பு வந்தது.

முதல் நாள் கத்திரிக்காய்க் காரக்குழம்பு. அக்கா அடுப்படியை விட்டு வந்து நம் எதிரே நின்றார். கண் சிவந்திருக்கவில்லை. அவர் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருந்து அன்றுதான் பார்த்தேன். "எப்டி கீது?" என்றார். நான் ஒரு வாய் வைத்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க வராது.

"யக்கா, இது கொழம்பா, ஆஸ்பத்திரிக் கஞ்சியா? நாங்க யாரும் இன்னும் அட்மிட் ஆவலியே."

பாண்டியனுக்குப் புரையேறியது. நீங்கள் தட்டைத் தட்டிச் சிரித்தீர்கள். மறுநாள் வேறொன்று சொன்னேன், அதற்கு மறுநாள் இன்னொன்று. குழம்பு உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அடுத்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே விழுங்கினேன். நாலு பேர் வேறு மெஸ் பார்த்துக்கொண்டு போனார்கள். எட்டாம் நாள் ஜன்னல் அடைத்த அந்த அறையில் மறுபடி விறகு எரிந்தது. "இப்பதான்கா ஒன் கைமணம் திரும்பி வந்துகீது" என்றேன். கலா அன்றிலிருந்து என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். முதலில் தெருக் குழாய் வரை போக முடியவில்லை. பிறகு நின்று கிளற முடியாமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் பார்த்தபோது ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். கலா வெளியே போயிருந்தாள். அக்கா மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"போன ஐப்பசி மழைல ஒரு நாளு மொளகு கொழம்பு போட்டேனே. ஞாபகம் கீதா?"

இருந்தது. அன்று தட்டை வழித்துவிட்டு, 'இதான்யா வெறகு ருசி, எந்த கேஸ்லயும் வராது' என்று எழுந்து நின்று சொன்னவன் நான்.

"வெறகு நனஞ்சிட்ச்சு அன்னிக்கு. கேஸ்லதான் வெச்சேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அப்டியே கேஸ்லயே வெச்சிகினு இருக்கலாமேக்கா. எங்களுக்கு இன்னா தெரியப் போவுது?" என்றேன்.

நாலைந்து மூச்சு எடுத்துக்கொண்டார். "வெறகுன்னு நம்பித்தானடா வரீங்க. பொய் சொல்லி சோறு போடக் கூடாது."

"அப்ப உண்மைய சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அதுக்கும் ஒண்ணு சொல்லுவ. எல்லாரும் சிரிப்பாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு மாஸ்க்கைத் தானே சரிசெய்துகொண்டார். ஐந்தாம் நாள் கலாவின் செய்தி வந்தது. அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது.

படத்திறப்பில் நீங்கள் ஒவ்வொருவரும் அவர் கைமணத்தைப் பற்றிப் பேசுவீர்கள். பேசுங்கள். விறகு ருசி என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், கலா அங்கே இருப்பாள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கடைசிப் பேச்சை மட்டும்தான். இப்போது வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தால் வாயைச் சாப்பிட மட்டும் திறக்கிறேன். உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. நாலாம் நாளே என் மனைவி கேட்டாள், "இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

சரியாகத்தான் இருக்கிறது. மூச்சு தாராளமாக வந்து போகிறது.